அந்த ஒரு இன்ச் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் கார் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். சொந்த ஊர் கரூர். பதினொரு வருடமாக அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறேன். போன ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார் ஊர்வலம் பார்க்கப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த மார்ச்சில் ஒரு 1970 ஷெவர்லே ஷெவெல் வாங்கிவிட்டேன். எஸ்எஸ் 396.

முந்தைய சொந்தக்காரர் 14 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 15 இன்ச் ராலி வீல் போட்டிருக்கிறார். டயர் நான்கும் 225/70ஆர்15. சைடுவாலில் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றியே ஆகவேண்டும். காரோடு வந்த பழைய காகிதத்தில் எஃப்70-14 என்று இருக்கிறது. இன்றைய கணக்கில் அது என்ன சைஸ்?

பின்னால் 275/60ஆர்15 போட ஆசை. அதற்குக் குறைந்தது ஏழரை இன்ச் ரிம் வேண்டும் என்று அட்டவணையில் பார்த்தேன். விற்றவர் ரிம் ஏழு இன்ச் என்றார். நான் டேப் வைத்து அளந்தேன், சுளையாக எட்டு இன்ச் வந்தது. டயர் கடையிலும் "மாட்டலாம்" என்கிறார்கள். மாட்டிவிடவா? முன்னாலும் பின்னாலும் வேறு வேறு சைஸ் போட்டால் தப்பா?

க., மிச்சிகன்

அன்புள்ள க.,

வாழ்த்துகள். வீட்டில் திட்டு இத்தோடு நிற்கப் போவதில்லை, அதற்கும் சேர்த்து.

கேள்விகளுக்கு முன்னால் அந்த எட்டு இன்ச்சைப் பேசிவிடுவோம். விற்றவர் சொன்னது சரி. உங்கள் ரிம் ஏழு இன்ச்தான். ரிம் அகலம் என்பது டயரின் விளிம்பு உள்ளே உட்காருகிறதே, அந்த இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் உட்காரும் இடம் வரை. நீங்கள் டேப் வைத்தது வெளி உதட்டிலிருந்து வெளி உதடு வரை. உதடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை இன்ச் தின்றுவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு இன்ச். டயரைக் கழற்றும் அன்றைக்குக் கடையிலேயே நின்று, உதட்டின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் அளந்து பாருங்கள், ஏழு வரும். டயர் மாட்டியிருக்கும்போது வெளியே அளந்து ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய கார் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் இந்த ஒரு இன்ச்சில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நானும் விழுந்தவன்தான், அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆக 275/60ஆர்15-க்கு (அகலம் 275 மில்லிமீட்டர், சைடுவாலின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 இன்ச்) ரிம் ஏழரை முதல் ஒன்பதரை வரை. உங்களுடையது ஏழு. கடைக்காரர் "மாட்டலாம்" என்றது பொய் இல்லை. காற்று அடித்தால் டயர் டப்பென்று விளிம்பில் ஏறி உட்காரும், காரும் ஓடும். சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்தால் தலையணை உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும் இல்லையா? டயரும் அப்படித்தான். இரண்டு சைடும் உள்ளே இழுபட, ரோட்டில் படுகிற பட்டை நடுவில் மேடு தட்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 275 என்ற அகலம் எட்டு இன்ச் ரிம்மில் மாட்டி அளந்த அகலம். ரிம் அரை இன்ச் குறைந்தால் டயர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஒடுங்கும் என்பது டயர்க்காரர்களின் பொதுக்கணக்கு. ஏழு இன்ச் ரிம்மில் உங்கள் 275, 265-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 275-க்குக் காசு கொடுத்து, 265 வாங்கி, அதிலும் நடுப்பட்டையை மட்டும் ஓட்டுகிறீர்கள்.

என் கதை இதுதான். என்னிடம் ஒரு 1968 பான்டியாக் லெமான்ஸ் இருந்தது. உங்கள் ஷெவெலுக்குப் பெரியப்பா மகன், அடியில் இருப்பது ஒரே குடும்பத்துச் சட்டகம். நானும் டேப் வைத்து எட்டு என்று படித்து, 15x7 ரிம்மில் (விட்டம் 15, அகலம் 7 இன்ச்) 275/60 மாட்டினேன். கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேரேஜில் நிறுத்தி, தெருவில் இறங்கிப் பின்னாலிருந்து பார்த்தால் அப்படி ஒரு அழகு! பத்து நாள் வேறு எதையும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார், மாமியார், பையன் மூன்று பேரையும் பின்சீட்டில் ஏற்றி, டிக்கியில் சாப்பாட்டுக் கூடையும் ஐஸ்பெட்டியும் வைத்து ஏரிக்கரைக்குக் கிளம்பினேன். ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கியதும் சர்ரென்று ஒரு சத்தம். "ஏதோ கருகுதே" என்றார் மாமியார். இறங்கிப் பார்த்தேன். மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளில் கத்தி போட்ட மாதிரி ஒரு கோடு கிழித்திருந்தது. வெள்ளை எழுத்தில் பாதியைக் காணோம். திரும்பும்போது இரண்டு பேரை டாக்ஸியில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்து டயரை மட்டும் மாற்றி ஓட்டினேன். சீசன் முடிந்து பார்த்தால் மறுபக்கத்து டயரில் நடு தேய்ந்து, இரண்டு ஓரமும் கடையில் வாங்கியபடி புத்தம் புதுசாக இருந்தது. இடையில் ஒருமுறை காற்றைக் குறைத்தும் பார்த்தேன். பட்டை கொஞ்சம் படிந்தது, ஆனால் வளைவில் பின்பக்கம் படகு மாதிரி ஆட ஆரம்பித்தது.

சரி, எஃப்70-14. இதில் வரும் எஃப் டயரின் அகலம் இல்லை. எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான எழுத்து. ஈ அதைவிடக் குறைவு, ஜி அதைவிடக் கூடுதல். 70 என்றால் சைடுவாலின் உயரம் டயர் அகலத்தில் 70 சதவீதம். 14 ரிம்மின் விட்டம். மொத்த உயரம் சுமார் 26 இன்ச். 14 இன்ச் ரிம்மையே வைத்திருந்தால் இன்று 215/70 அல்லது 225/70ஆர்14 என்று கேட்பீர்கள். உங்களிடம் 15 இருக்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட அதே உயரத்தில் வருவது 235/60ஆர்15. போட்டுப் பார்க்கலாம்: 235-ல் 60 சதவீதம் 141 மி.மீ., மேலும் கீழும் சேர்த்து 282, ரிம் 381, மொத்தம் 663. அதாவது 26.1 இன்ச். இதற்கு ரிம் ஆறரை முதல் எட்டரை வரை. ஏழு இன்ச்சில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காரும். ஷெவர்லேயே அதே 1970-ல் கமாரோ இசட்28-க்கு 15x7 ரிம்மும் எஃப்60-15 டயரும்தான் கொடுத்தது. இன்றைய 235/60 அதன் வாரிசு.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மனசில் இருக்கிற அந்தப் படம், பின்பக்கம் தூக்கிக்கொண்டு தடித்தடி டயரோடு நிற்கும் ஷெவெல், 1970-ல் ஷோரூமில் நின்ற கார் அல்ல. அதற்கு ஏழெட்டு வருடம் கழித்து, அதே காரை மூன்றாம் கையாக வாங்கின பத்தொன்பது வயதுப் பையன் ஏர் ஷாக்கில் (காற்றடைக்கும் ஷாக் அப்சார்பர்) பின்பக்கத்தைத் தூக்கி, எல்60-15 டயரை உள்ளே நுழைத்து ஓட்டின கார். கம்பெனி கொடுத்தது ஒல்லிக்கால். 1970 ஷெவெலில் எல்எஸ்6 என்று 454 கன அங்குல இன்ஜின் ஒன்று வந்தது, அன்றைய கணக்கில் 450 குதிரைசக்தி. அதுகூட எஃப்70-14 டயரில், 14x7 ரிம்மில்தான் வெளியே வந்தது. பச்சை விளக்கு விழுந்ததும் புகை மட்டும் கிளம்பி கார் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று பழைய ஆட்கள் சிரிப்பார்கள்.

டயரை மட்டும் தடிமனாக்கினால் இடி வேறு எங்கேயாவது விழும் என்பதற்கு ஃபோர்டிலேயே உதாரணம் உண்டு. 1969 மஸ்டாங் பாஸ் 302-க்கு 15x7 ரிம்மில் எஃப்60-15 போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். டயர் ரோட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி முழுக்க மேலே போய், முன் ஷாக் அப்சார்பரைத் தாங்குகிற தகரக் கோபுரத்தில் விரிசல் விட்டது. கோபுரத்தைப் பலப்படுத்தின பிறகுதான் கார் கடைக்கு வந்தது. அங்கே கவனித்துச் சரிசெய்ய ஒரு கூட்டம் இன்ஜினியர்கள் இருந்தார்கள். நம் கேரேஜில் நாம் மட்டும்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் இருக்கிற ரிம்மிலேயே முன்னால் 235/60, பின்னால் 255/60 போடுவேன். 255/60-க்கு ஏழு முதல் ஒன்பது வரை ரிம் செல்லும். ஏழு அதன் கடைசிப் படிதான், இருந்தாலும் படிக்குள் இருக்கிறது. உயரம் 27 இன்ச் வரும், பின்பக்கம் அரை இன்ச் எடுப்பாக நிற்கும். பார்க்கவும் நன்றாக இருக்கும். முன்னும் பின்னும் சைஸ் வேறாக இருப்பதில் தப்பே இல்லை. ஒரே அச்சில் இடது வலது இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். நான்கும் ரேடியலாக (இன்றைய வகை டயர், சைஸில் வரும் ஆர் அதுதான்) இருக்கட்டும். நம் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்பார்களே, அந்த வகைப் பழைய டயரை ஆசைக்கு முன்னால் இரண்டு மாட்டி, பின்னால் ரேடியல் வைக்கிற வேலை வேண்டாம். மழையில் கார் எந்தப் பக்கம் போகும் என்று காருக்கே தெரியாது.

ஸ்பீடாமீட்டர் பின்சக்கரம் சுற்றுகிற சுற்றைத்தான் எண்ணுகிறது. 26-லிருந்து 27 இன்ச்சுக்குப் போனால் முள் 60 மைல் காட்டும்போது நீங்கள் 62-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 275/60 போட்டால் உயரம் 28 இன்ச், முள் 60-ல் நின்றால் கார் 64-ல். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

275-தான் வேண்டும் என்றால் பின்னால் 15x8 ரிம் வாங்குங்கள். ஷெவெல்காரர்கள் நிறையப் பேர் அப்படி ஓட்டுகிறார்கள். ஆனால் அதை வாங்கும் முன் பேக்ஸ்பேசிங் பார்க்கவேண்டும். ரிம்மைக் குப்புறக் கவிழ்த்து, மேலே வந்த உள்பக்க உதட்டின் குறுக்கே நேரான கட்டை ஒன்றை வைத்து, அங்கிருந்து போல்ட் தட்டு வரை அளந்தால் வருவது அது. ஏழு இன்ச் ரிம்மில் தட்டு சரியாக நடுவில் இருந்தால் நான்கு இன்ச் வரும் (உதடு சேர்த்து மொத்தம் எட்டு என்பதால். பாருங்கள், உங்கள் எட்டு இங்கே உதவுகிறது). எட்டு இன்ச் ரிம்மை அதே நான்கு இன்ச்சில் வாங்கினால் கூடின ஒரு இன்ச் முழுக்க வெளியே, மட்கார்டு பக்கம் போய்விடும். என் லெமான்ஸில் கிழித்த அதே மடிப்பு. நாலரை என்று வாங்கினால் உள்ளே அரை, வெளியே அரை எனப் பிரியும்.

உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கும்போது ஜாக்கியை சேசிஸில் கொடுக்காதீர்கள். அச்சு தொங்கிவிடும், இடம் தாராளமாக இருப்பது போலத் தெரியும். நான் ஏமாந்தது அங்கேயும்தான். பின் அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, காரின் கனம் ஸ்பிரிங்கில் இருக்கும்போது அளக்கவேண்டும். டிக்கியில் இரண்டு பேரை உட்காரச் சொல்லுங்கள், அப்படியே ஒருமுறை. இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கவேண்டும். இந்தக் கார்களில் பின் அச்சு பெரும்பாலும் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் கை நுழையும், இன்னொரு பக்கம் விரல்தான் நுழையும். டயர் வாங்குவது அந்த விரல் பக்கத்துக்கு.

முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சேசிஸில் உரசுகிறதா என்று பாருங்கள். மற்றபடி 235-ல் சிக்கல் வராது. டயர் மாட்டின பிறகு அலைன்மென்ட் செய்யும்போது பழைய புத்தகத்துக் கணக்கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நைலான் டயருக்கு எழுதினது. ரேடியலுக்குப் பாசிட்டிவ் கேஸ்டர் (முன்சக்கரம் திரும்புகிற அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருப்பது) கொஞ்சம் கூட்டி வைத்தால் ஹைவேயில் கார் அலையாமல் நேரே போகும்.

வாங்கும் டயரின் சைடுவாலில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. இந்த சைஸெல்லாம் மெதுவாக விற்கிற சரக்கு, கடையிலேயே வயசாகிக் கிடக்கும். இப்போது காரில் இருக்கும் நான்கிலும் அதைப் பார்த்து, பின் அச்சில் இரண்டு பக்கத்து இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். 15x8 தேடலாமா வேண்டாமா என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.