நெடுங்கால அனுபவம் எதற்குச் சாட்சி?

அன்புள்ள ஐயா,

மருத்துவ ஆராய்ச்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஒரு மனக்குறையோடு இதை எழுதுகிறேன். என் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு ஒரு வைத்தியரிடம் சில மாதங்களாகச் சூரணம் வாங்கிச் சாப்பிடுகிறார். வலி நன்றாகவே குறைந்திருக்கிறது. டாக்டரிடம் இதைச் சொன்னபோது, என்ன சூரணம் என்றுகூடக் கேட்காமல் "குப்பையில் போடுங்கள்" என்றார். வைத்தியரோ, "அந்த மாத்திரைதான் விஷம், மெல்ல நிறுத்திவிடலாம்" என்கிறார். அப்பா இப்போது இருவரிடமும் எதையும் சொல்வதில்லை.

என் கேள்வி இதுதான். ஆயிரம் ஆண்டுகளாக லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டுப் பார்த்ததைவிடப் பெரிய ஆராய்ச்சி எது? சில நூறு பேரை வைத்துச் சில மாதங்கள் நடத்தும் சோதனை அதற்கு மேலானதா? மரபு மருந்து பலித்துவிட்டால் அதன் சாரத்தை எடுத்து நவீன மருந்து என்கிறார்கள். பலிக்காவிட்டால் மூடநம்பிக்கை என்கிறார்கள். இது என்ன நியாயம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்ஃபரினை வைத்தியர் சொன்னார் என்று நிறுத்தவே வேண்டாம். துடிப்பு சீரில்லாத இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுப்பதற்காகத்தான் அந்த மாத்திரை. சூரணத்தைப் பற்றி அப்புறம் வருகிறேன், அதில் அவசரமான ஒரு விஷயம் இருக்கிறது.

உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். பல தலைமுறைகளின் அனுபவம் ஒரு சாட்சிதான். ஆனால் எந்தச் சாட்சியிடமும் அவர் எதைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றார் என்று கேட்க வேண்டும் அல்லவா? சாப்பிட்ட சில மணி நேரத்தில், சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு, கண்ணுக்குத் தெரியும்படி நடப்பதை மரபு அறிவு அபாரமாகக் கவனித்திருக்கிறது. எந்த இலை பேதியாக்கும், எது தூக்கம் தரும், எந்த விதை ஆளைக் கொல்லும் என்பதெல்லாம் ஆய்வகம் பிறப்பதற்கு முன்பே மனிதர்களுக்குத் தெரியும். மெல்ல நடப்பதும், அரிதாக நடப்பதும், தானாகவே சரியாகிவிடுவதும் அந்த இடத்திலிருந்து தெரியாது. ஆயிரம் ஆண்டு நின்றாலும் தெரியாது.

மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடி ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. தூ யூயூ என்ற பெண் ஆய்வாளரின் குழு பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் சுமார் 2000 மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி ஒரு சமயம் நன்றாக வேலை செய்தது, அடுத்த சமயம் கைவிட்டது. ஏன் என்று புரியாமல் தூ மறுபடியும் பழைய நூல்களுக்குப் போனார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று, அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் ரத்தத்திலிருந்த மலேரியா கிருமிகளை அடியோடு ஒழித்தது. அதற்கடுத்த ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஆர்டிமிசினின் வந்தது அப்படித்தான். 2015-ல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மரபின் வெற்றிக்குச் சான்றாக எல்லோரும் சொல்லும் கதை இது, சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் தேறாமல்போன மற்ற மூலிகைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவையும் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிக் கொடுத்தவைதானே? அவை எப்படி நூல்களில் இடம்பிடித்தன? மலேரியாக் காய்ச்சல் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குளிரடித்து, கொதித்து, வியர்த்து, சில மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து கொடுப்பார்கள். எதைக் கொடுத்திருந்தாலும் இறங்கியிருக்கும். வேலை செய்த செடியும் வேலை செய்யாத செடியும் கண்ணெதிரே ஒரே பலனைத் தந்தன. இரண்டையும் பிரிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் இன்னொன்றுக்கு வேறு மருந்தோ வெற்று மாத்திரையோ கொடுத்து எண்ண வேண்டும். நீங்கள் சொல்லும் அந்தச் சில நூறு பேர் சோதனையின் பலம் எண்ணிக்கையில் இல்லை. மருந்து சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள் என்று அது பார்க்கிறது. லட்சம் பேரின் அனுபவத்தில் அந்த இரண்டாவது பிரிவு இல்லை.

மூட்டுவலியும் இந்த வகைதான். கூடும், குறையும். தாங்க முடியாமல் போகும்போது வைத்தியரையோ டாக்டரையோ தேடிப் போகிறோம். அதற்குப் பிறகு குறைவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

தீமை விஷயத்தில் இது இன்னும் கொடுமையாகிறது. அரிஸ்டோலோக்கியா என்ற தாவர இனம் இருக்கிறது. நம்முடைய ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதில் சேர்ந்தவை. கிரேக்கர்கள், சீனர்கள், இந்தியர்கள் என எல்லா மரபுகளிலும் இந்த இனத்துச் செடிகளுக்கு மருந்தாக இடமுண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்து சாப்பிட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். நூறு பேர் அளவுக்கு. பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டிருந்தது. அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இன்று அந்தச் செடியிலுள்ள அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதியாகிவிட்டது.

அதைவிட என்னை உலுக்குவது பால்கன் கிராமங்களின் கதை. டான்யூபின் கிளையாறுகளை ஒட்டிய சில கிராமங்களில் மட்டும் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெட்டு மக்கள் இறந்தார்கள். 1950-களில் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. தண்ணீரா, பரம்பரையா, கிருமியா என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். கடைசியில் கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவில் கலந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. நோயாளிகளின் புற்றுக்கட்டிகளில் அந்த அமிலம் விட்டுச்செல்லும் மரபணுத் தடயத்தையும் கண்டார்கள். யோசித்துப் பாருங்கள். சொந்த வயலில் நிற்கும் செடி, சொந்த வீட்டில் நடக்கும் சாவு. அந்த விவசாயிகள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. தின்பதற்கும் நோய் வருவதற்கும் இடையே பல வருடங்கள் ஓடினால், தின்ற எல்லோருக்கும் வராவிட்டால், எந்த மனிதக் கண்ணாலும் அந்த முடிச்சைப் பார்க்க முடியாது. "எங்கள் முன்னோர் சாப்பிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாக்கியத்துக்கு நான் பயப்படுவது இதனால்தான்.

டாக்டர்களின் அனுபவத்துக்கும் இதே அளவுகோல்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பித் துடித்தால் ஆபத்து என்பதால், அந்தத் தப்புத் துடிப்பை அடக்கும் மாத்திரைகளை 1980-களில் ஏராளமாக எழுதிக்கொடுத்தார்கள். ஈசிஜியில் பலன் கண்கூடாகத் தெரிந்தது. முறைப்படி சோதித்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களே அதிகமாக இறந்தது தெரியவந்தது. 1989-ல் அந்த மாத்திரைகளின் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். படித்த, கெட்டிக்கார நிபுணர்களின் அன்றாட அனுபவம் அது. எனவே சோதனை என்பது மரபு மருத்துவத்தை அவமதிக்க வைத்த தேர்வு என்று நினைக்காதீர்கள். எல்லோருடைய நம்பிக்கையும் அந்த வாசல் வழியேதான் போக வேண்டும்.

பலித்ததை எடுத்துக்கொண்டு நவீனம் என்று பெயர் சூட்டுகிறார்கள் என்கிறீர்கள். இதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில டாக்டர் ஃபாக்ஸ்க்ளோவ் செடியைப் பற்றி நூல் எழுதினார். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்து வீங்குவதற்கு அது மருந்து. டிஜாக்சின் என்ற இதய மருந்து அதன் வழித்தோன்றல். அவருக்குத் தடம் காட்டியது ஒரு கிழவியின் குடும்ப மருந்து என்று அவரே எழுதியிருக்கிறார். கிழவியின் பெயரை எழுதவில்லை. உடலில் கீறி அம்மைப்பால் வைத்துப் பெரியம்மையைத் தடுக்கும் முறையை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. 1721-ல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது அம்மைப்பால் வைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 2 பேர் இறந்தார்கள், இயல்பாக நோய் கண்டவர்களில் 14 பேர். இப்படி அறிவைத் தந்தவர்களுக்குப் பெயரும் பங்கும் கிடைக்காமல் போனது உண்மையான அநீதி. மரபறிவைப் பயன்படுத்தினால் பலனைப் பகிர வேண்டும் என்ற நகோயா உடன்படிக்கை 2010-ல்தான் வந்தது.

மற்ற பாதிக்கு உடன்பட மாட்டேன். விதரிங் கிழவியிடமிருந்து வெறும் செடியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. எது வேலை செய்கிறது என்று பிரித்தார். எந்த மாதத்தில் இலை பறிப்பது, எவ்வளவு கொடுப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்று பத்து ஆண்டுகள் பார்த்து, குணமானவர்களோடு குணமாகாதவர்களையும் எழுதிவைத்தார். அந்த இலை அளவு கொஞ்சம் கூடினாலும் ஆளைக் கொல்லும். அளவு தெரிந்த பிறகுதான் அது நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்தானது. சாரத்தைப் பிரித்தெடுப்பதை நீங்கள் ஏதோ திருட்டுபோல எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

இனி உங்கள் அப்பா. டாக்டர் நடந்துகொண்ட விதம் தவறு. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபங்சரை ஒரு பெரிய சோதனையில் பார்த்தார்கள், முடிவு 2007-ல் வெளியானது. முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் சுமார் 48 சதவீதம் பேருக்கும், சும்மா வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44 சதவீதம் பேருக்கும் வலி குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதம்தான். எங்கே குத்துவது என்பது பெரிதாக முக்கியமில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அதோடு, ஒருவர் உட்கார்ந்து, நேரம் கொடுத்து, தொட்டுச் சிகிச்சை செய்வது வலியைக் குறைக்கிறது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். வைத்தியர் கேட்கிறார், டாக்டர் கேட்பதில்லை. நோயாளி எந்தப் பக்கம் சாய்வார்?

அவசரம் என்று சொன்னேனே, அது இது. மூட்டுவலிச் சூரணம் வேகமாகவும் நன்றாகவும் வேலை செய்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அதில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ பொடித்துக் கலந்திருக்கிறதா என்பதைத்தான். மூலிகை என்று விற்கப்படும் மூட்டுவலி மருந்துகளில் இந்தக் கலப்படம் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. வலி மாத்திரையாக இருந்தால் வார்ஃபரினோடு சேர்ந்து வயிற்றில் ரத்தம் கசியலாம். ஸ்டீராய்டாக இருந்தால் முகம் உப்பும், பசி கூடும், சர்க்கரை ஏறும். அப்படிப் பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று குப்பையில் போடுவதும் ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் என்ன சூரணம் என்று கேட்டிருக்க வேண்டியது இதனால்தான். கலப்படமே இல்லாத அசல் மூலிகையும் வார்ஃபரினோடு மோதலாம். சீனர்கள் இதயத்துக்குக் கொடுக்கும் டான்ஷென் வேர் அதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு உண்டாக்கியிருக்கிறது. மனச்சோர்வுக்கு மேலைநாடுகளில் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை வார்ஃபரினின் பலனைக் குறைக்கிறது.

அதனால் இந்த வாரமே சூரணப் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையோடு சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரல் சோதனைகளையும் கேளுங்கள். உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பமோ செந்தூரமோ சேர்ந்திருந்தால் ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்க்க வேண்டும். சூரணத்தை நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். வைத்தியரிடம் வார்ஃபரின் தொடரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, சூரணத்தில் என்னென்ன சேர்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர்கள் எழுதித் தருவார்கள். தொழில் ரகசியம் என்று மறுத்தால் அவரிடம் இனி மருந்து வாங்காதீர்கள். இதற்கிடையில் மலம் கறுத்துப் போனாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கடுமையான தலைவலியோ கிறுகிறுப்போ வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள். சோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.