விலையை ஏற்றாமல் ஜிஎஸ்டி பதிவு செய்தால் மளிகைக் கடை லாபம் எவ்வளவு குறையும்?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை, ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியை நெருங்குகிறது, அதைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்கு (பொருள், சேவை வரி) பதிவு செய்ய வேண்டும், விலையை ஏற்றவும் முடியாது, வரியான 9 விழுக்காடும் லாபத்திலிருந்து போய்விடுமா என்பது கேள்வி.

அவ்வளவு போகாது. ஆனால் சரக்கை யாரிடம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதி லாபம்கூடப் போகலாம்.

ஓர் அரிசி மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரி விலை 20 வெள்ளி, ஜிஎஸ்டி 1.80. நீங்கள் 26 வெள்ளிக்கு விற்கிறீர்கள், இன்று கையில் நிற்பது 4.20. பதிவு செய்தபின்னும் 26-க்கே விற்றால், அதில் 109-இல் 9 பங்கு, அதாவது 2.15, வரி. வாங்கும்போது கொடுத்த 1.80-ஐ அதில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் கட்டுவது 35 காசு, நிற்பது 3.85. அதே மூட்டையைப் பதிவு செய்யாத வியாபாரியிடம் 21.80-க்கு எடுத்தால் கழிக்க எதுவும் இல்லை. நிற்பது 2.05 தான். நீங்கள் சரக்கு எடுக்கும் வியாபாரிகளில் யார் பதிவு செய்யாதவர் என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்தால், அரிசி பருப்புக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்களுக்குத்தான் உண்டு. ஆனால் சரக்கு விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 10,000 வெள்ளிச் சரக்குக்கு 900 வெள்ளியை முன்கூட்டியே புரட்ட வேண்டும். இறக்குமதி பெர்மிட்டில் இறக்குமதியாளர் பெயர் உங்கள் கடையின் பெயராக இருக்கட்டும். ஏஜண்டின் பெயர் இருந்தால் வரியைத் திரும்பக் கேட்கும்போது சிக்கல் வரும்.

பெரிய இழப்பு தாமதத்தில்தான் வருகிறது. டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டின் விற்பனை 1 மில்லியனைத் தாண்டினால் ஜனவரி 30-க்குள் வரித்துறையான ஐராஸிடம் (IRAS) விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால், பதிவு செய்திருக்க வேண்டிய பழைய தேதியிலிருந்தே பதிவு நடைமுறைக்கு வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். வாடிக்கையாளரிடம் வாங்காத வரியை நீங்களே கட்ட வேண்டும், அபராதமும் சேரலாம். தனியுரிமையாளர் பெயரில் இரண்டு கடை இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்டியே பார்ப்பார்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை.

சம்பளம், மத்திய சேமநிதி, வெளிநாட்டு ஊழியர் தீர்வை எதிலும் கழிக்க ஜிஎஸ்டி கிடையாது. அதனால் ஆள்பலத்தை நம்பி ஓடும் சாப்பாட்டுக் கடைக்கு மளிகைக் கடையைவிட அடி பலம். அந்த அடியை ஊழியர்மேல் இறக்குவது தவறு. வெளிநாட்டு ஊழியர் தீர்வையை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

பதிவு நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் இரவு கையிருப்பை எண்ணி எழுதி வையுங்கள். அன்று கடையில் உள்ள சரக்குக்கு முன்பே கட்டிய ஜிஎஸ்டியை, டேக்ஸ் இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி காட்டும் விலைப்பட்டியல்) இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதல் ஜிஎஸ்டி படிவத்திலேயே திரும்பக் கேட்கலாம். அலமாரி விலைச்சீட்டுகளும் பதிவு நடைமுறைக்கு வரும் நாளிலிருந்தே வரி சேர்த்த விலையைக் காட்ட வேண்டும்.