ஓவியர் கூலியா கவிழ்த்தது?

கேள்வி: அமெரிக்காவில் அட்லஸ் காமிக்ஸ் என்ற நிறுவனம் ஓவியர்களுக்கு அள்ளிக் கொடுத்தே ஓராண்டில் மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நண்பர்கள் சேர்ந்து நெல்லையிலிருந்து பத்துத் தலைப்புகளில் காமிக்ஸ் தொடங்குகிறோம். பிரதிகள் விற்ற பிறகே ஓவியர்களுக்குச் சன்மானம் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சரியில்லை. உங்கள் இரண்டு முடிவுகளுமே தவறு.

அட்லஸைத் தொடங்கிய மார்ட்டின் குட்மேன் தொழிலுக்குப் புதியவர் அல்லர். மார்வலின் முன்னோடியான டைம்லியை 1939-இல் தொடங்கியவரே அவர்தான். 1968-இல் நிறுவனத்தை விற்று, 1972-இல் வெளியேறி, 1974-இல் நியூயார்க்கில் மறுபடியும் கடை விரித்தார். பெரிய நிறுவனங்கள் தந்ததைவிட அதிகக் கூலி கொடுத்தார். வரைந்த மூலப் பக்கங்களை வரைந்தவருக்கே திருப்பித் தருவதாகச் சொன்னார். ஓவியனின் பக்கங்களைப் பதிப்பாளர்கள் தங்கள் சொத்தாக வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டீவ் டிட்கோ, வாலி வுட், நீல் ஆடம்ஸ் போன்ற பெயர் பெற்ற ஓவியர்கள் அவருக்கு வரைந்ததில் என்ன வியப்பு? அந்த நிறுவனம் செய்த உருப்படியான காரியமே அதுதான். அதைப் போய்க் குற்றம் என்கிறீர்கள்!

கவிழ்த்தது வேறு. இருபதுக்கும் மேற்பட்ட தலைப்புகளைக் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் கடைகளில் இறக்கினார்கள். விற்காத பிரதிகள் திரும்பி வரும் வியாபாரம் அது. நம் பஸ் நிலையக் கடைகளில் நடப்பதும் அதேதான். வாசகன் ஒரு பெயரை மனத்தில் பதித்துக்கொள்ளும் முன்பே நிறுவனத்துக்குப் பொறுமை போய்விட்டது. ஹோவர்ட் சாய்க்கின் 1930-களில் நடக்கும் சாகசக் கதையாக ‘ஸ்கார்ப்பியன்’ வரைந்தார். இரண்டே இதழ்கள். மூன்றாவதில் அவர் இல்லை. கதை நிகழ்காலத்துக்கு வந்துவிட்டது, நாயகன் முகமூடி மாட்டிக்கொண்டு இன்னொரு மார்வல் நகலாகிவிட்டான். முதல் இரண்டு இதழ்களை விரும்பி வாங்கியவன் நான்காவதை எதற்குத் தேட வேண்டும்? நான்காவது வரவும் இல்லை. எந்தத் தலைப்பும் நான்கு இதழ்களைத் தாண்டவில்லை. 1975 முடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

பக்கத்தில் சிவகாசியைப் பாருங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. அதே மாயாவியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, அவனுக்காகவே கடைக்குப் போகும் பிள்ளைகளை உருவாக்கியது. அவை வெளிநாட்டில் வரைந்து முடிந்த கதைகள். நீங்களோ சொந்தமாகப் படைக்கப் போகிறீர்கள். உங்கள் மூலதனமே ஓவியனின் கைதான். ஒரு பக்கத்துக்குப் பென்சில், மை, வண்ணம் என்று நாள்கணக்கில் குனிந்து உட்காருபவனிடம், விற்றால் தருகிறேன் என்பது உங்கள் நஷ்டத்தை அவன் தலையில் கட்டுவது. அச்சகத்தில் அப்படிச் சொல்வீர்களா? காகிதக் கடையில்?

பத்தில் ஒன்பதைக் கைவிடுங்கள். ஒரே தொடர், ஆறு இதழ்களுக்கான பணம் கையில் சேர்ந்த பிறகு முதல் இதழ். சந்தாதாரர்களை இப்போதே திரட்டுங்கள். பக்கம் கைக்கு வந்ததும் கூலியைக் கொடுங்கள். மூல ஓவியம் வரைந்தவருக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் ஓவியர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.