தம்பி போதைப்பொருள் பாவிக்கிறான் என்று தெரிந்தால், அறையில் பூட்டி வைத்து நிறுத்தலாமா?

பூட்டி வைக்காதீர்கள். 22 வயதுத் தம்பி "ஏதோ பாவிக்கிறான்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அந்த 'ஏதோ' என்ன என்று தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வேலை செய்கிறேன், "பெடியனை அறைக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கிறம்" என்று வருகிற குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். ஐஸா (மெதம்பெட்டமைன்), தூளா (ஹெரோயின்), கஞ்சாவா, குளிசையா, சாராயமா? ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு.

தினமும் நிறையக் குடித்த ஒருவரைத் திடீரென்று மறித்தால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதுக்குப் பிறகு நடுக்கம், இல்லாத ஆட்களைக் காண்பது, பிதற்றுவது என்று போய் உயிரே போகலாம். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்துப் பார்வை பார்க்கக் கொண்டுபோகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, தயவுசெய்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹெரோயின் வேறு மாதிரி. நிறுத்தினால் உடம்பு உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை எல்லாம் வந்து ஆளை வாட்டும், ஆனால் தண்ணீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொண்டால் அதனாலேயே சாவது அரிது. பெரிய ஆபத்து பிறகுதான் இருக்கிறது. சில வாரங்கள் பாவிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது, வெளியே வந்த அன்றே பழையபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நீங்கள் பூட்டுகிற நாளைவிடத் திறந்து விடுகிற நாளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

சரி, எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று எப்படி அறிவது? உலக சுகாதார நிறுவனத்தின் 'அசிஸ்ட்' என்ற 8 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்று இருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் எத்தனை தரம் பாவித்தாய், கட்டாயம் வேணும் என்ற உந்துதல் வந்ததா, அதனால் உடம்பிலோ காசிலோ சட்டத்திலோ பிரச்சினை வந்ததா, செய்ய வேண்டிய வேலை தவறியதா, குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா, ஊசியால் ஏற்றியிருக்கிறாயா என்று போகும். ஒரு போதைப்பொருளுக்கு 27 அல்லது அதுக்கு மேல் புள்ளி வந்தால் சிகிச்சை தேவைப்படுகிற கட்டம். புள்ளி போடுகிற வேலையை வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ விடுங்கள். அக்காவாக நீங்கள் செய்யக்கூடியது, அவன் போதையில் இல்லாத நேரம் பார்த்து, அப்பாவும் மாமாவும் சுற்றி நிற்காத இடத்தில் இவற்றைப் பேச்சோடு பேச்சாகக் கேட்பது. பேசத் தொடங்கினால் இடையில் ஏசாதீர்கள், ஒருதரம் ஏசினால் அடுத்த தரம் பொய்தான் வரும்.

இன்றைக்கே நிறுத்தமாட்டான் என்றால், அதுவரை உயிருக்கும் உடம்புக்கும் வருகிற கேட்டையாவது குறைக்க வேண்டும். தனியே இருந்து எடுக்காதே, ஹெரோயினோடு சாராயத்தையோ நித்திரைக் குளிசையையோ பிரிகபலின் என்ற நரம்புவலிக் குளிசையையோ கலக்காதே, மற்றவன் குத்திய ஊசியைத் தொடாதே (ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இரண்டும் அந்த வழியாக வரும்) என்று நேராகச் சொல்லுங்கள். "பாவிக்கச் சொல்லிக் குடுக்கிறியளோ" என்று என்னிடம் கோபப்பட்ட தாய்மார் உண்டு. அவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனாலும் இதைச் சொல்வதை நான் விடப்போவதில்லை.

கூப்பிட்டும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி அல்லது கொரகொரவென்று இழுத்து, உதடு நீலித்து, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தால் அது நித்திரை இல்லை. உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள், மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள். என்ன எடுத்தான் என்பதைப் பொலிஸுக்குப் பயந்து வைத்தியரிடம் மறைக்க வேண்டாம், ஹெரோயினின் வேலையை முறிக்கக்கூடிய நாலொக்சோன் என்ற ஊசிமருந்து இருக்கிறது.

ஆலோசனைக்கு 1927 இலக்கத்துக்கு எடுக்கலாம், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் அது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தம்பி வரமாட்டேன் என்றால் முதல் தரம் நீங்களோ அம்மாவோ மட்டும் போய்ப் பேசுங்கள், அவனை எப்படி அழைத்து வருவது என்பதையே அங்கே கேட்கலாம்.