பீரோவுல இருபது பை, சந்தைக்குப் போனா வெறுங்கை – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, வீட்டுக் குப்பையையும் வீட்டுச் செலவையும் சேர்த்துக் குறைக்கறது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் நிறைய வந்திருக்கு. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததை சேர்த்து ஒண்ணாக்கி பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: அக்கா, பீரோவைத் திறந்தா துணிக்கடை பை, கல்யாணத்துல தாம்பூலத்தோட வந்த பைன்னு இருபதுக்கு மேல கிடக்கு. ஆனா சந்தைக்குப் போறப்ப கையில ஒண்ணும் இருக்காது, கவர்லதான் வாங்கிட்டு வர்றேன். மஞ்சப்பை இன்னும் நாலு வாங்கி வைக்கலாமா? – வாசகி, பாலக்கோடு

வேணாம் தங்கச்சி, ஒண்ணு கூட வாங்காதீங்க. முதல்ல அந்த இருபதையும் கட்டில்ல கொட்டி ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாருங்க. நெசவுத் துணியா இருந்தா நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடறது தெரியும், ஓரத்துல ஒரு இழையைப் பிடிச்சு இழுத்தா தனியா உருவிட்டு வரும். அப்படி வராம, மேல எல்லாம் புள்ளி புள்ளியா அழுத்தி வச்ச மாதிரி இருந்தா அது துணியே இல்ல, பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். துணின்னு நம்பித்தான் நாமெல்லாம் அதை சேர்த்து வைக்கிறோம், ரெண்டு வருஷம் மடிச்சே கிடந்து வெயில் பட்டா மாவு மாதிரி உதிரும், அந்தத் தூளைக் கூட்டி அள்ளவும் முடியாது. 2019 ஜனவரி 1லருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின 14 பொருள்ல இந்தப் பையும் ஒண்ணு, ஆனா இன்னும் புழக்கத்துல இருக்கு. கையில இருக்கறதைத் தூக்கிப் போடாதீங்க, கிழியற வரைக்கும் வெங்காயம் பூண்டு தேங்காய் வைக்க வச்சுக்கோங்க, புதுசா யாராவது குடுத்தா மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க.

இப்ப நெஜத் துணிப் பை. பருத்தி விளைய தண்ணியும் உரமும் நிறைய வேணும், அதனால துணிப் பைங்கறதாலேயே அது நல்லதுன்னு ஆயிடாது, எத்தனை தடவை தூக்கிட்டுப் போறோம்ங்கறதுலதான் இருக்கு. டென்மார்க் அரசோட சுற்றுச்சூழல் துறை 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பூமி சூடாகற கணக்கை மட்டும் எடுத்தாலே ஒரு பருத்திப் பையை குறைஞ்சது 52 தடவையாவது பயன்படுத்தினாத்தான் அவங்க ஊர் சாதாரண பிளாஸ்டிக் கவருக்கு சமமாகும்னு அதுல வந்துச்சு. வாரம் ஒரு சந்தைன்னா ஒரே பையை ஒரு வருஷம் தூக்கணும். அப்ப இருபது பைக்கு இருபது வருஷம் ஆகும் பாருங்க. நல்லதா மூணு எடுத்துக்கிட்டு மீதியை அக்கம்பக்கம் குடுத்துடுங்க.

மறதிக்கு நான் பண்றது, பையை பீரோவுலயே வைக்கறதில்ல. காய் கொட்டின கையோட பையை உதறி வாசக்கதவு கொக்கியில வண்டிச் சாவியோட சேர்த்து மாட்டிடுவேன், சாவி எடுத்தா பை கையோட வந்துடும். இன்னொரு பை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலயே நிரந்தரமா இருக்கும். அதோட, பழைய வேட்டியில சுருக்குக் கயிறு வச்சு அரைக் கிலோ ஒரு கிலோ புடிக்கற மாதிரி நாலு குட்டிப் பை தைச்சுக்கோங்க, பச்சமிளகாய் பீன்ஸுக்கெல்லாம் அதை நீட்டினா தராசுத் தட்டுல இருந்து அப்படியே அதுல கொட்டிடுவாங்க. சந்தையிலருந்து வீட்டுக்கு கவர் ஏன் அஞ்சாறு வருதுன்னு பாத்தா பெரிய பை இல்லாததால இல்ல, உள்ளே பிரிச்சு வைக்க சின்னப் பை இல்லாததாலதான்.

கேள்வி: சமையல்கட்டுல இருக்கற பிளாஸ்டிக் டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு கண்ணாடி ஜாடி வாங்கலாம்னு இருக்கோம். செலவு ஜாஸ்தி ஆகுது, பண்ணலாமா? – ஓசூர்

பருப்பு, ரவை, மிளகாய் மாதிரி காஞ்ச சாமான் போட்டு வச்ச டப்பா உடையற வரைக்கும் இருக்கட்டும்ங்க. சூடானது, எண்ணெய், ஊறுகாய், புளிக்கரைசல் இது மட்டும் பிளாஸ்டிக்ல வேணாம், அதுக்கு வீட்ல இருக்கற சில்வர் தூக்கும் பீங்கான் ஜாடியும் போதும். நல்லா இருக்கற டப்பாவைக் குப்பையில போட்டுட்டு அந்த இடத்துல புதுசு வாங்கி வைக்கறது சுற்றுச்சூழலுக்குப் பண்ற நல்லது இல்ல.

கேள்வி: ஆர்ஓ மெஷின்ல இருந்து ஒரு குடம் தண்ணி எடுத்தா ரெண்டு குடத்துக்கு மேல சாக்கடைக்குப் போகுது, பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு. மெஷினை நிறுத்திட்டு போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாமா? – பென்னாகரம் பக்கம் ஒரு வாசகர்

தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க அண்ணா. இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், நம்ம மாவட்டத்துக்கு இது உயிர் விஷயம். இங்க நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடுங்கற உப்பு ஜாஸ்தி. அதனால பல்லுல காவி ஏறினவங்க, நாப்பது வயசுலயே மூட்டு மடங்காம இடுப்பு வளைஞ்சவங்க நமக்குத் தெரிஞ்சவங்கள்லயே இருக்காங்க. காய்ச்சினா கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணி ஆவியாகி வத்த வத்த இருக்கற தண்ணியில அது இன்னும் கூடும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்னு இந்தியத் தரக் கணக்கு சொல்லுது. உங்க போர் தண்ணியை டெஸ்ட் குடுத்து எவ்ளோ இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

உங்க தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணி வருதான்னு பாருங்க. ஜப்பான் நிதியுதவியோட வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013ல திறந்தாங்க, ரெண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு இல்லாத காவிரித் தண்ணி குடுக்கணும்ங்கறதுதான் அதோட நோக்கமே. அந்தத் தண்ணி வர்ற வீட்ல அதைப் புடிச்சு குடிக்கவும் சமைக்கவும் தனியா வச்சுக்கிட்டா, காய்ச்சி ஆற வச்சாப் போதும், ஆர்ஓவே தேவைப்படாது. சமையலுக்கும் அதுதான்ங்கறதை மறக்காதீங்க, நிறைய பேர் குடிக்க மட்டும் நல்ல தண்ணி வச்சுக்கிட்டு உலைக்கு போர் தண்ணியை ஊத்தறாங்க, களிக்கும் சோத்துக்கும் எவ்ளோ தண்ணி இழுக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மெஷின் இல்லாம முடியாதுங்கற வீடா இருந்தா கழிவுத் தண்ணிக் குழாயை சாக்கடைக்கு விடாம ஒரு டிரம்ல விடுங்க. தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊத்த, வண்டி கழுவ, எச்சில் பாத்திரத்துக்கு முதல் அலசு அலச அது போதும், கடைசி அலசு நல்ல தண்ணியில. துணிக்கு வேணாம், உப்பு ஜாஸ்தியா இருந்தா சோப்பு நுரைக்காது. மாட்டுக்கு வைக்கவே கூடாது, நாம வடிகட்டின ஃபுளோரைடு மொத்தமும் அதுலதான் இருக்கு. செடிக்கும் தினம் ஊத்தினா மண்ணு உப்புப் பூத்துடும்.

கேள்வி: தினம் மூணு பால் பாக்கெட் வாங்கறோம். அந்தக் கவரை என்னதான் பண்றது? மாமியார் காய்கறித் தோலை அதுலயே போட்டு முடிச்சுப் போட்டு வெளிய வைக்கறாங்க. – காவேரிப்பட்டணம்

முடிச்சுப் போடறதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்கம்மா. மாட்டுக்கு முடிச்சு அவுக்கத் தெரியாது. உள்ள இருக்கற வாழைப்பழத் தோல் வாசனைக்கு வந்து நக்கிப் பாக்கும், பிரிக்க முடியாம கவரோட முழுங்கிடும், அது அசை போடவும் வராது சாணியிலயும் வராது, வயித்துலயே சுருண்டு கிடக்கும். எங்க தெருவுல ஒரு சினைப் பசு நாலு நாள் தீனி எடுக்காம கிடந்து டாக்டர் வயித்தைக் கிழிச்சுப் பாத்தப்ப பந்து பந்தா கவர் வந்துச்சு, நானே நின்னு பாத்தேன், அன்னையிலருந்து யாராவது கவரை முடிச்சுப் போட்டு வீசினா எனக்குக் கை நடுங்கும். தோலைத் தனியா ஒரு பக்கெட்ல போட்டு மாடு வச்சிருக்கற வீட்டு கழனித்தொட்டியில கொட்டிடுங்க, மாம்பழ சீசன்ல உங்க ஊர்ல தோலுக்குப் பஞ்சமே இருக்காதே.

பால் கவர் நல்ல பிளாஸ்டிக், பழைய பேப்பர் கடையில எடுத்துக்குவாங்க, ஆனா பால் வாடை இருந்தா எடுக்க மாட்டாங்க. வெட்டறப்ப மூலையை முழுசா துண்டா வெட்டி எடுக்காம, கத்தரியை ஒரு விரக்கடை மட்டும் உள்ள விட்டு நிறுத்துங்க, அந்த முக்கோணம் கவரோடயே தொங்கிட்டு இருக்கணும். தனியா விழுந்த துண்டு சிங்க் ஓட்டை வழியா சாக்கடைக்குப் போறதுதான், யாரும் பொறுக்க மாட்டாங்க. பாலை ஊத்தினதும் கவருக்குள்ள கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கி அதையும் பால்லயே ஊத்திடுங்க, அப்புறம் கவரை உள்பக்கம் வெளிய திருப்பி கொடியில கிளிப் போட்டு தொங்க விடுங்க. மாசம் தொண்ணூறு கவர் சேரும்.

கேள்வி: ரேஷன்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி குடுக்கறாங்க, பசங்க சாப்பிட மாட்டேங்கறாங்க, மீந்து போகுது. இதுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்மந்தம்னு கேக்கறாங்க. – அரூர்

2023ல தர்மபுரியிலயும் நீலகிரியிலயும்தான் முதல்ல இதை ஆரம்பிச்சாங்க. நெல்லுக்கு வயல்ல தண்ணி நிக்கணும், அந்த நின்ன தண்ணிக்கு அடியில அழுகற மண்ணுல இருந்து மீத்தேன் கிளம்பும், அது பூமியை சூடாக்கற வாயு. ராகி நம்ம செம்மண்ணுல மழையை நம்பி மானாவாரியா வந்துடும். பக்கத்து ஊர்ல விளைஞ்சதை சாப்பிடறோம்ங்கறது இன்னொண்ணு. பசங்களுக்குக் களியைத் திணிக்காதீங்க, இட்லி மாவுல நாலுக்கு ஒண்ணு ராகி மாவு சேர்த்து தோசையா ஊத்துங்க. மீந்த களியை ராத்திரி தண்ணியில போட்டு வச்சு காலையில மோர் ஊத்தி சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கரைச்சுக் குடிங்க, ஒரு பருக்கை வீணாகாது. தக்காளி விலை விழுந்து ராயக்கோட்டைப் பக்கம் ரோட்டோரம் கொட்டற நாள்லயும் அப்படித்தான், அஞ்சு கிலோ வாங்கி தொக்கு கிளறி வச்சுட்டா விலை ஏறின மாசம் வெளியூர்லருந்து லாரியில வர்றதை வாங்க வேண்டியதில்ல, விளைய வச்சவருக்கும் ரெண்டு காசு போய்ச் சேரும்.

கேள்வி: கரண்ட் குறைய ஃபேனெல்லாம் மாத்தணுமா? – கிருஷ்ணகிரி

எல்லாம் வேணாம். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசின்னு கம்மி கரண்ட்ல ஓடற மோட்டார் வச்சு வர்ற புது ஃபேன் 30 வாட் கிட்ட. ராப்பகலா ஓடற ஹால் ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம்னா ரெண்டு மாச பில்லுல 40 யூனிட் குறையும், அதை மட்டும் மாத்துங்க. விருந்தாளி வந்தா மட்டும் ஓடற ரூம் ஃபேன் கெட்டுப் போற வரைக்கும் ஓடட்டும்.

கேள்வி: தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம், ஆயிரம் பேர் வருவாங்க. குப்பை இல்லாம பண்ண முடியுமா? – பர்கூர்

முழுசா முடியாதுங்க, பாதிக்கு மேல குறைக்கலாம். வாழை இலை எப்படியும் போடுவீங்க, மேசை மேல விரிக்கற பிளாஸ்டிக் ஷீட்டை வேணாம்னு சமையல்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, முதல்ல சொன்ன தடைப் பொருள் 14ல அதுவும் இருக்கு, அதை விரிச்சு இலையோட சேர்த்து சுருட்டிட்டா இலையும் மாட்டுக்கு ஆகாமப் போயிடும். பேப்பர் கப்புல உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருக்கும், சூடா காபி ஊத்தறது அதுலதான், அதுவும் தடையில இருக்கறதுதான். இலைக்கு ஒரு குட்டி பாட்டில் தண்ணி வைக்கறதை விட்டுட்டு, பாத்திர வாடகைக் கடையில சில்வர் டம்ளர் எடுங்க, ஒரு பந்திக்கு இருநூறு பேர்னா நானூறு டம்ளர் போதும், ஒரு பந்தி சாப்பிடறப்ப இன்னொரு பந்தி டம்ளர் கழுவிடலாம். கழுவ ரெண்டு அம்மாக்களுக்கு நல்ல கூலி பேசிக்கோங்க, பாட்டில் வாங்கற காசுல அது தாராளமா அடங்கும். எடுக்கறப்பவே டம்ளரை எண்ணி சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க, திருப்பிக் குடுக்கறப்ப இலைக் குவியலுக்குள்ள ஒரு தடவை கை விட்டுத் தேடச் சொல்லுங்க, காணாமப் போனதுல பாதி அங்கதான் இருக்கும்.