ரிப்பேர் மேசை: பழைய வீடியோ கேம் மெஷின்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம் மெஷின் பற்றியவை. மிக்ஸி, இன்வெர்ட்டர் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா திருமங்கலத்தில் வீடியோ கேம்ஸ் சென்டர் வைத்திருந்தார். குடோனில் கிடந்த ஒரு மெஷினைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் நன்றாக வருகிறது. திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால் ஒரு நொடி படம் விரிந்து, மறுபடி கோடாகிவிடுகிறது. பிக்சர் ட்யூப் போய்விட்டதா ஐயா?
– வாசகர், திருமங்கலம்

ட்யூப் போயிருந்தால் அப்படிப் பளிச்சென்று கோடு வராது. ஹைவோல்டேஜ் இருக்கிறது, ஹரிசாண்டல் பகுதி ஓடுகிறது. படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்ட்டிகல் பகுதி மட்டும் படுத்துவிட்டது. முதல் காரியமாக பிரைட்னஸைக் குறையுங்கள். மொத்த வெளிச்சமும் அந்த ஒரு கோட்டில் விழுந்தால் உள்பூச்சு கருகி, கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

தட்டினால் படம் வருகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டிரை சோல்டர், அதாவது ஈயப் பற்று விட்டுப்போன கால். நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்கள்: யோக் (ட்யூபின் கழுத்தில் மாட்டிய கம்பிச்சுருள்) ஒயர் வந்து செருகும் கனெக்டர், வெர்ட்டிகல் பகுதியை ஓட்டும் ஐ.சி.யின் (சில்லு) கால்கள். போர்டைத் திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான். ஐ.சி. ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறும்போது கால் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து ஈயம் விட்டுப்போகிறது. மேலாகப் புது ஈயம் பூசினால் ஒரு மாதம் ஓடும், அவ்வளவுதான். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள்.

அப்புறமும் கோடுதான் என்றால் ஐ.சி.க்கு வரும் சப்ளையை அளக்க வேண்டும். பல சேஸிஸ்களில் (மானிட்டரின் சர்க்யூட் போர்டு) அது ட்யூபுக்கு ஹைவோல்டேஜ் கொடுக்கும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு டயோடு, ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக வரும். அந்த ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருந்தால் (உள்ளே அறுந்திருந்தால்) அதை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்ச் போடாதீர்கள். அது பெரும்பாலும் தானாகப் போவதில்லை; ஐ.சி. ஷார்ட்டா என்று பாருங்கள். பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் கையோடு மாற்றிவிடலாம். 105 டிகிரி என்று அச்சடித்ததாகக் கேட்டு வாங்குங்கள். படம் வந்து, மேல்பகுதி மட்டும் மடிந்து தெரிந்தால் அதற்கும் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ட்யூபின் மேலுள்ள ரப்பர் மூடிக்கடியில் 20,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், ஆஃப் செய்த பிறகும் தங்கும். ஸ்க்ரூடிரைவர் தண்டில் ஒரு ஒயரைக் கட்டி, அதன் மறுமுனையை முதலில் ட்யூபின் முதுகில் ஓடும் பின்னல் எர்த் கம்பியில் மாட்டிவிட்டு, அப்புறம் ஸ்க்ரூடிரைவர் முனையை மூடிக்கடியில் நுழைத்து, தங்கியிருக்கும் வோல்ட்டை இறக்க வேண்டும். இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ட்யூப் டி.வி.யைத் திறந்தே பழக்கம் இல்லாதவர் என்றால், உங்கள் தெருவின் பழைய டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்றைக்கு இந்த வேலைக்குக் கூப்பிட்டால் காசு கேட்காமல்கூட வருவார்.

ஒரு பழைய கேம் போர்டு வாங்கினேன். அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். சரியாக 5 வோல்ட் காட்டுகிறது. ஆனால் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் ஆகிறது. சி.பி.யு. போய்விட்டது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், உசிலம்பட்டி

எங்கே அளந்தீர்கள்? எஸ்.எம்.பி.எஸ். முனையில் 5 இருந்து என்ன பயன், போர்டில் இருக்க வேண்டும். 14 கால் கொண்ட 74 வரிசை ஐ.சி.களில் பெரும்பாலானவற்றுக்கு 7-ஆம் கால் கிரவுண்டு, 14-ஆம் கால் சப்ளை. மீட்டரை அங்கே வையுங்கள். இந்த ஐ.சி.களுக்கு 4.75 முதல் 5.25 வரைதான் கணக்கு. 4.6 காட்டினால் ரீசெட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மீதி வோல்ட் காணாமல் போகிற இடம் எட்ஜ் கனெக்டர், அதாவது போர்டின் ஓரத்திலுள்ள உலோக விரல்கள் சாக்கெட்டில் செருகும் இடம். 1985-இல் வந்த ஜாம்மா என்ற பொது வகைக் கனெக்டரில் பக்கத்துக்கு 28 என்று 56 தொடர்புகள். சப்ளை வரும் ஓரத்து விரல்கள்தான் முதலில் கறுக்கும், சூடு ஏற ஏற இன்னும் கெடும். பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். செருகும் சாக்கெட் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

சிலர் சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வோல்ட்டைக் கூட்டும் திருகை ஏற்றிவிடுவார்கள். பிறகு யாராவது கனெக்டரைத் துடைத்துச் செருகினால், ஏற்றி வைத்த 5.5 வோல்ட் அப்படியே ஐ.சி.களின் தலையில் இறங்கும். திருகைத் தொடுவது கடைசியில்தான். சி.பி.யு.வைச் சந்தேகப்படுவதும் அப்படித்தான். கடைக்காரர் விற்க ஒரு சி.பி.யு. வைத்திருக்கிறாரோ என்னவோ!

போர்டில் நீலநிற பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போதுமா?
– வாசகி, மேலூர்

போதாது அம்மா. அது நிக்கல் காட்மியம் கசிவு, காரத்தன்மை உடையது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். வெள்ளை வினிகரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாக உலரவிடுங்கள். பிறகு தடங்களை ஒவ்வொன்றாக மீட்டரில் பீப் கேட்டுப் பாருங்கள். அரித்துப்போன இடத்தில் மெல்லிய ஒயர் பாலம் போடலாம்.

ஒரு விதிவிலக்கு. கேப்காம் என்ற ஜப்பான் கேம் கம்பெனியின் 1993-இல் வந்த சி.பி.எஸ்.2 வகை போர்டு என்றால் பேட்டரியை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். கேமைத் திறக்கும் ரகசியச் சாவியை அந்த பேட்டரிதான் காத்துவைத்திருக்கிறது. பேட்டரி மின்சாரம் நின்றால் கேமும் போயிற்று. அந்தச் சாவியை மறுபடி எழுத இப்போது வழி உண்டு, ஆனால் அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின். ஸ்டெப்-டவுன் வாங்கி 110 வோல்ட் கொடுத்தால் போதுமா?
– வாசகர், செல்லூர், மதுரை

ஓடும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். வோல்ட்டைக் குறைக்குமே தவிர மெயின்ஸிலிருந்து (சுவர் பிளக்கில் வரும் மின்சாரம்) பிரிக்காது. பல கேம் மானிட்டர்களின் சேஸிஸ் நேரே மெயின்ஸோடு சேர்ந்தது, இடையில் இரண்டையும் பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இருந்தே ஆக வேண்டும். பெட்டிக்குள் கனமாக ஒன்று இருக்கிறதா, யாராவது எடைக்குப் போட்டுவிட்டார்களா என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை பிளக்கில் செருக வேண்டாம்.