நிற்பவர்களும் உட்காருபவர்களும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். என் அம்மா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படித்தேன். இப்போது சென்னையில் மென்பொருள் வேலை, சொந்த ஃபிளாட், கார். போன மாதம் மைத்துனி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோம். எங்களை நாற்காலியில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். ஒரு பெண் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று அம்மா எழுந்து போய், நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சேலைகளை அந்தப் பெண்ணோடு சேர்ந்து மடிக்க ஆரம்பித்துவிட்டார். மாமனார் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அம்மா, வந்து உட்காருங்க” என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. நான் யார் பக்கம்? என்னை எந்த வர்க்கம் என்று சொல்லிக்கொள்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மா செய்தது. விரித்த சேலை ஒவ்வொன்றையும் மடிப்பு மாறாமல் மடித்து, ரகம் பார்த்து, விலை பார்த்து அலமாரியில் திரும்ப அடுக்கினால்தான் அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்ப முடியும். ஷட்டரை இறக்கிய பிறகும் அந்த வேலை ஓடும். நீங்கள் எல்லோரும் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அந்தக் குவியலைப் பார்த்திருக்கிறார். தொழில் தெரிந்தவர் கை சும்மா இருக்காது. அதில் தலைகுனிய எதுவுமே இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: இன்றைக்கு நீங்கள் நாற்காலியில் இருப்பவர். “நான் இன்னும் ஏழை வீட்டுப் பிள்ளைதான்” என்று சொல்லிக்கொண்டால் மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தக் கடையில் யார் யாருக்காக நின்றார்கள் என்பதை அது மாற்றாது. வர்க்கம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது அதைத்தான்.

நிற்பதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அப்போது அது இல்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று அமைப்பாகத் திரண்டு, கழிப்பறைக்கும் இருக்கைக்கும் வருடக்கணக்கில் போராடினார்கள். கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொல்லும் 22-அ பிரிவைச் சேர்த்தது. ஆலைக்கும் கடைக்கும் நடுவே 73 ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு தாமதம்? சங்கம் இல்லாதது ஒரு காரணம். ஊர்விட்டு வந்து, முதலாளி கொடுக்கும் விடுதியில் தங்கி, அவர் போடும் சாப்பாட்டைச் சாப்பிடுகிற பெண் எதை எதிர்த்துப் பேசுவாள்? ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆலைக்குள் தொழிலாளி நிற்பதை வெளியாள் யாரும் பார்ப்பதில்லை. கடையில் அவள் நிற்பதே நமக்குச் செய்யும் மரியாதையாகக் காட்டப்படுகிறது. ஆள் இல்லாத மத்தியானத்திலும் அவள் சுவரில் சாயக்கூடாது, ஏனென்றால் எந்த நேரமும் நாம் உள்ளே வரலாம். அவள் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது நம் கண் எதிரிலேயே நடக்கிறது. பழைய ஜவுளிக்கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்துதான் சேலை பார்த்தார்கள். வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இதைப் பணத்தோடு மட்டும் முடித்துவிடவும் முடியாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சி மன்றத் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த கூட்டத்தின் படம் வெளியானதே, நினைவிருக்கும். பதவி கிடைத்தும் நாற்காலி கிடைக்கவில்லை. நம் ஊரில் யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதைச் சாதி வெகுகாலத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டது. கடை முதலாளிகள் அந்தப் பழக்கத்தின் மேல்தான் கவுன்டரைக் கட்டினார்கள்.

உங்கள் குற்றவுணர்ச்சியால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் இடத்தால் உண்டு. பில் கட்டுகிறவர் நீங்கள். வேலை போய்விடுமே என்ற பயம் உங்களுக்கு இல்லை. அடுத்த தடவை போகும்போது, ஊழியர்களுக்கு ஸ்டூல் எங்கே என்று கேளுங்கள். சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படியும் ஏற்பாடு செய்யாவிட்டால் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள், மேலாளரிடம் தனியாகப் பேசுங்கள். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று ஆகிவிடக்கூடாது.

அன்புடன்.